விரல் நுனியில் தொண்ணூற்றொன்பது

திரைச்சீலைக்கு வெளியே என் மனைவியின் கை மட்டும் வந்தது. ஆள்காட்டி விரலில், துணி காயப்போடும் கிளிப் போல ஒரு கருவி. அதில் சிவப்பாக ஓர் எண் மின்னிக்கொண்டிருந்தது.

"தொண்ணூத்தொம்போது. பாத்துக்கிட்டீங்களா மாப்ள? ஒண்ணும் பயமில்ல. எனக்கே இவ்வளவு வராது," என்றார் என் மாமனார்.

கை உள்ளே போய்விட்டது. திரைக்கு இந்தப் பக்கம் நான் நனைந்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன்.

காரைக்காலை அடுத்த நெரவியில் மாமனார் வீடு. நாள் கணக்கில் விடாத ஐப்பசி மழை. வயல் எது வாய்க்கால் எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. நான் குடியிருக்கும் தருமபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேர்வதற்குள் உச்சிப்பொழுது தாண்டிவிட்டது.

அறைக்குள் என் மனைவி அபிராமியும், பிறந்து சில நாட்களே ஆன எங்கள் மகளும் இருந்தார்கள். அபிராமிக்குக் காலையிலிருந்து தலைவலி. சாப்பிட்டதை வாந்தி எடுத்திருக்கிறாள். அதனால்தான் மாமா அந்தக் கருவியைக் கொண்டுவந்து மாட்டச் சொன்னார்.

கொரோனா காலத்தில் காரைக்கால் கடைத்தெரு முழுக்க அலைந்து அவர் வாங்கியது அது. நோய் போன பிறகும் அவருடைய இதய மாத்திரை டப்பாவிலேயே அது குடியிருந்தது. வீட்டில் யார் தும்மினாலும் விரலை நீட்டச் சொல்வார். தொண்ணூற்றைந்துக்கு மேல் காட்டிவிட்டால் அவரைப் பொறுத்தவரை அந்த ஆளுக்கு வியாதியே இல்லை.

உண்மையைச் சொன்னால், அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

பேசாத அத்தை

என் மாமியார் என்னோடு நேரில் பேசமாட்டார் என்று இந்தப் பத்திரிகைத் தொடரில் சென்ற வாரம் எழுதியதற்கு, "இந்தக் காலத்திலுமா?" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இந்தக் காலத்தில்தான். அத்தையிடம் செல்போன் இருக்கிறது. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் போய்ச் சாக்கடைக்காகச் சண்டை போட்டுவிட்டு வருவார். ஆனால் மருமகனோடு முகத்துக்கு முகம் பேசுவது மரியாதைக் குறைவு என்பது அவர் கொள்கை. "மாப்ளைய சாப்புட வரச் சொல்லுங்க" என்பார் மாமாவிடம். நான் மாமாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

இந்தத் தொடரை வாராவாரம் மாமா வாசிக்க, அவர் அடுப்படியிலிருந்து கேட்பாராம். அதற்கும் கருத்துச் சொல்வார், மாமா மூலமாக.

இன்னொரு சட்டமும் அந்த வீட்டில் இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தவரை மகளை மடியில் போட்டுக் கொஞ்சியவன் நான். வீட்டுக்கு வந்ததும், தலைக்குத் தண்ணீர் ஊற்றித் தீட்டுக் கழிக்கும்வரை பிரசவ அறைக்குள் ஆண்கள் வரக்கூடாது என்றாகிவிட்டது. ஆகவே என் மகளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பூப்போட்ட திரைச்சீலை.

"கண்ணு பட்டிருக்கு," என்று உள்ளேயிருந்து அத்தையின் குரல் கேட்டது. "ஆஸ்பத்திரிலேருந்து வந்தப்போ தெருவே நின்னு பாத்துச்சுல்ல. மாப்ளைய செத்த நகந்து நிக்கச் சொல்லுங்க. சுத்திப் போட்டுட்டு வாறேன்."

நான் நகர்ந்து நின்றேன். வரமிளகாயும் உப்பும் ஒரு கையில் மூடிப் பிடித்தபடி அத்தை வெளியே வந்தார். மறு கையில் ஓர் இரும்புக் கரண்டி. கொல்லை வாசலுக்குப் போய்க் கரண்டியைத் தரையில் வைத்து, மிளகாயை அதில் போட்டார்.

மிளகாய் கருகியது. நெடி வரவில்லை. மழையில் நமுத்துப்போன மிளகாய், வேறு எப்படி இருக்கும்.

"பாத்தீங்களா, ஒரு தும்மல் கூட வரல. பெரிய கண்ணுதான்," என்றார் மாமாவிடம்.

நான் மிளகாயைப் பார்க்கவில்லை. கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் கங்கு இருந்தது. அந்த வீட்டில் சமையல் கேஸ் அடுப்பில். அப்படியானால் கங்கு எங்கிருந்து வந்தது?

"மாமா, அத்தை இந்தக் கங்கை எங்கேருந்து எடுத்துட்டு வந்தாங்க?"

"உள்ளேருந்துதான். கட்டுலுக்கு அடியில தணல் சட்டி வச்சிருக்கு. புள்ளத் துணி ஒண்ணும் காய மாட்டேங்குது பாருங்க. பச்ச ஒடம்புக்கும் கதகதப்பா இருக்கும்."

"எப்பலேருந்து?"

"நேத்து கரண்டு போயிப் போயி வந்துச்சே, அப்பலேருந்து."

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

இரும்பின் ஆறாவது இடம்

நான் எதற்கும் பயப்படுகிறவன் என்பது ஊரறிந்த விஷயம். இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், காரைக்கால்மேட்டுக் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கப் பயம். ஆனால் அன்றைய பயம் அந்த ஜாதி இல்லை. அது படித்துத் தெரிந்துகொண்ட பயம். அதை விளங்கச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் ரத்தத்துக்குள் போகத்தான் வேண்டும். கல்லூரியில் வேதியியல் வாத்தியார் என்பதால் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று அபிராமி சொல்வாள். சுருக்கமாகவே சொல்கிறேன்.

ரத்தம் சிவப்பாக இருப்பது ஹீம் என்ற ஒரு சின்னஞ்சிறு பொருளால். தட்டையான ஒரு வளையம், அதன் நட்டநடுவில் ஓர் இரும்பு அணு. அந்த இரும்புக்கு ஆறு பக்கம் பிடிமானம். நான்கு பக்கம் வளையத்தின் நைட்ரஜன்கள் பிடித்துக்கொள்ளும். ஐந்தாவது பக்கம் கீழேயிருந்து புரதம் பிடித்துக்கொள்ளும். ஆறாவது இடம் காலி.

நாம் உயிரோடு இருப்பது அந்தக் காலி இடத்தால்தான். நுரையீரலில் பிராணவாயு அதில் வந்து உட்காரும், கொஞ்சம் சாய்ந்தாற்போல. மூளைக்கோ காலுக்கோ போனதும் இறங்கிவிடும். திரும்பி வந்து அடுத்ததை ஏற்றிக்கொள்ளலாம். நெரவிக்கு வரும் டவுன் பஸ்ஸில் நல்ல பயணி ஏறி இறங்குவது மாதிரி.

கரி, காற்றுப் போதாமல் சாம்பலுக்கு அடியில் நீறுபூத்துக் கிடக்கும்போது ஒரு வாயு வரும். கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண் எரியாது. அதுவும் அதே ஆறாவது இடத்தில்தான் போய் உட்காரும், நிமிர்ந்து. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். புரதம் சுற்றி நின்று அதைக் கொஞ்சம் அடக்கி வைத்திருப்பதால்தான் இந்த அளவு. புரதம் இல்லாத வெறும் ஹீம் என்றால் பல்லாயிரம் மடங்கு.

கொடுமை அதோடு நிற்பதில்லை. ரத்தத்தில் ஹீம்கள் நான்கு நான்காகக் கூட்டுக்குடித்தனம் செய்கின்றன. ஒன்றில் இந்த வாயு உட்கார்ந்துவிட்டால் மற்ற மூன்றும் தங்களிடம் இருக்கும் பிராணவாயுவை இறக்கிவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். ரத்தத்தில் இருக்கும், மூளைக்குக் கிடைக்காது.

முதலில் தலைவலி. பிறகு குமட்டல். பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்துக்குத்தான் நான் பயந்தேன்.

ஜன்னல் என்று ஒரு பட்டப்பெயர்

வடக்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் என் இளமையின் நல்ல பகுதியை இந்த ஹீமோடுதான் கழித்தேன். ரத்தத்தில் இருப்பதைப்போலவே வளையமும் இரும்புமாகச் செயற்கைப் பொருள்களைச் செய்து, ஒவ்வொரு வாயுவாக அவற்றில் செலுத்திப் பார்ப்பது என் வேலை.

கார்பன் மோனாக்சைடைச் செலுத்தினால் குடுவையில் இருப்பது கண்ணெதிரே நிறம் மாறும். குங்குமம் கரைத்த மாதிரி அழகாக இருக்கும். பிராணவாயுவைச் செலுத்தி அதை விரட்டிப் பார்ப்பேன். எளிதில் போகாது. பிடித்தது பிடித்ததுதான்.

சிலிண்டரைத் திறக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். எச்சரிக்கைக் கருவி சுவரில் இருக்கும், புகைபோக்கி ஓடிக்கொண்டிருக்கும், எனக்கு அதெல்லாம் போதாது. பல் கிடுகிடுக்கும் அந்த ஊர்க் குளிரிலும் போய் ஜன்னலைத் திறந்துவிடுவேன். கூட வேலை பார்த்தவர்கள் திட்டுவார்கள். கடைசியில் என் பெயரே ஜன்னல் என்று ஆகிவிட்டது. பட்டம் வாங்கும் நாளில்கூட "ஜன்னல் டாக்டராயிடுச்சு" என்றுதான் கத்தினார்கள்.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் பார்க்கப் போனேன். வாங்க வந்த பெண்கள் ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்தார்கள். சிவப்பாக இருந்தால் கூடைக்கு. சில நாடுகளில் சூரை மீன் துண்டுக்கு இந்த வாயுவைக் காட்டி வைப்பார்கள் என்று படித்திருந்தேன். மீன் கெட்டாலும் சிவப்பு கெடாது. சிவப்பை நம்புகிற கண்ணுக்கு அது வைக்கிற கண்ணி.

மாமனாரின் கருவியும் சிவப்பை நம்புவதுதான். விரலுக்குள் இரண்டு விதமான ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் எவ்வளவு சிவப்பு என்று பார்த்துப் பிராணவாயுவைக் கணக்கிடும். ஆறாவது இடத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று அதற்குத் தெரியாது. விஷம் உட்கார்ந்திருந்தாலும் தொண்ணூற்றொன்பது என்றுதான் சொல்லும்.

திரைக்கு அந்தப் பக்கம்

"மாமா, தணல உடனே வெளிய எடுக்கச் சொல்லுங்க. ஜன்னலத் தொறக்கச் சொல்லுங்க. அவங்கள வெளிய கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

"ஏன் மாப்ள? பொகையே இல்லையே. நல்லா ஊதி, பொகை அடங்குன பொறவுதான் உள்ள வச்சிருக்கா."

"பொகை இல்லாததுதான் மாமா ஆபத்து. அது விஷக் காத்து."

அத்தை எனக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டு மாமாவிடம் சொன்னார். "மாப்ளைய பதறாம இருக்கச் சொல்லுங்க. நான் நாலு பெத்தது இந்தத் தணலுக்கு மேலதான். எம் மாமியா பெத்ததும் அப்புடித்தான். யாருக்கு என்ன ஆச்சு?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் பெற்றதெல்லாம் ஓட்டு வீட்டில். ஓட்டுக்கு ஓடு சந்து, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் எலி போகிற இடைவெளி. வாயு வந்தாலும் வந்த வழியே போய்விடும். மாமா அந்த வீட்டை இடித்துக் காங்கிரீட்டில் கட்டி, அறைக்கு அலுமினியச் சட்டத்தில் நகரும் கண்ணாடி ஜன்னல் வைத்தது அண்மையில்தான். தூசு வராது, கொசு வராது என்று பெருமையாகக் காட்டினார். வீடு மாறிவிட்டது, தணல் சட்டி மாறவில்லை.

இதையெல்லாம் அன்று நான் விளக்கவில்லை. மாமாவிடம் சொல்லி, மாமா அத்தையிடம் சொல்லி, அத்தை மறுத்து, அது மாமா வழியாக எனக்குத் திரும்பி வருவதற்குள் உள்ளே அவர்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அபி," என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. சற்று முன்னால்தான் கையை நீட்டியவள்.

நான் திரையை இழுத்துத் தள்ளிவிட்டு உள்ளே போனேன்.

பின்னால் அத்தை "அய்யய்யோ, தீட்டு" என்றது கேட்டது. உள்ளே இதமான சூடு. கொடியில் குழந்தைத் துணிகள். சாரல் வராமல் இருக்க ஜன்னல் விளிம்பெல்லாம் பழந்துணி செருகியிருந்தது. கட்டிலுக்கு அடியில் மண்சட்டி, மேலே வெள்ளையாகச் சாம்பல்.

அபிராமி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். முகம் சிவந்து, கன்னம் மினுமினுத்து, கல்யாணத்தன்றுகூட அவள் அவ்வளவு அழகாக இல்லை. அது அந்த வாயு ஏற்றிய சிவப்பு.

"என்னங்க, தூக்கமா வருது," என்றாள் கண்ணைத் திறக்காமல்.

ஜன்னலைத் தள்ளினேன். பழந்துணி சிக்கிக்கொண்டு நகரவில்லை. துணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி தள்ளினேன். மழை முகத்தில் அடித்தது. தூளியிலிருந்து மகளை எடுத்தேன். துணிப்பொதி மாதிரி இருந்தாள். கை தொங்கியது. உள்ளங்காலைச் சுண்டினேன், சிணுங்கவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு இருந்த பயத்தை எழுத என்னிடம் தமிழ் இல்லை. கடவுளை நினைக்கவில்லை. சிசு ரத்தம் பெரியவர்கள் ரத்தத்தைவிட இந்த வாயுவை இன்னும் ஆசையாகப் பிடித்துக்கொள்ளும் என்று எப்போதோ படித்த வரிதான் நினைவுக்கு வந்தது. படிக்காமல் இருந்திருக்கலாம்.

"மாமா, ஆட்டோ," என்று கத்தினேன். என் குரல் அப்படி வரும் என்று எனக்கே தெரியாது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார்.

பாடம் அப்புறம்

ஆட்டோவில் அபிராமி என் தோளில் சாய்ந்திருந்தாள். எதிரில் இருந்த ஒடுக்கமான பலகையில் அத்தை மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமா ஓட்டுநருக்குப் பக்கத்தில். இரண்டு பக்கமும் மழைத்திரையைச் சுருட்டிவிடச் சொன்னேன். பச்சை உடம்புக்காரி மழையில் நனைவதை அத்தை தடுக்காமல் பார்த்துக்கொண்டு வந்தார்.

வழியில் மரம் விழுந்து, கொம்யூன் ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் கிளையை இழுத்து ஓரமாக வழி விட்டார்கள். அந்த நின்ற நேரத்தில் நான் அபிராமியை விடாமல் பேச வைத்தேன். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னேன். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கினாள். எனக்குக் குலை நடுங்கியது. பிறகுதான், நல்ல உடம்போடு இருந்தாலும் அவளுக்கு ஏழாம் வாய்ப்பாடு வராது என்பது நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த டாக்டரம்மா இளவயதுக்காரர். செவிலியர் முதல் காரியமாக அபிராமி விரலில் கருவியை மாட்டினார். தொண்ணூற்றொன்பது.

"அத நம்பாதீங்க டாக்டர். மூடின ரூம்ல நேத்துலேருந்து கரித்தணல். இது கார்பன் மோனாக்சைடு. இந்தக் கருவி ரெண்டே அலைநீளத்துலதான் பாக்குது, அதனால ஹீம்ல எது..."

"சார், பாடம் அப்புறம் எடுங்க. மாஸ்க்கப் பிடிங்க," என்றார் அவர். அதற்குள் பிராணவாயுக் குழாயைத் திறந்துவிட்டிருந்தார்.

இறுகப் பிடித்த வாயுவை விரட்ட ஒரே வழி, கூட்டம் கூட்டமாகப் பிராணவாயுவை அனுப்பி நெருக்குவதுதான். வெறும் காற்றில் விட்டால் பல மணி நேரம் பிடிக்கும். முகமூடி வழியே முழுப் பிராணவாயு போனால் சீக்கிரம் இறங்கும். சோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு பிறகு வந்து, நான் பயந்ததையே சொன்னது.

மகளுக்கு உள்ளங்கை அளவு முகமூடி. அதில் மூச்சுப் பட்டு ஆவி படிவதையும் கலைவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கலைந்த பிறகு அடுத்தது படியும்வரை நான் மூச்சு விடவில்லை.

"தணலுக்குப் பக்கத்துல வேற யார் இருந்தாங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அப்போதுதான் எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். இரவும் பகலும் அந்த அறையிலேயே கிடந்தவர் அவர்தான். சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். தலை பிளக்கிறது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு முகமூடி மாட்டினார்கள். மாட்டிய மறுநிமிடம் அதை விலக்கி மாமாவைக் கூப்பிட்டார்.

"மாப்ள காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடல போலருக்கு. டீயாவது வாங்கிக் குடுங்க."

மாமா டீ வாங்கப் போகவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அத்தைக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, வழக்கமான மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். அந்த மாத்திரையிலிருந்து உடம்புக்குள் உண்டாவதும் ஒரு குட்டி வாயுதான், நைட்ரிக் ஆக்சைடு. அதுவும் வேறொரு ஹீமின் இரும்பில்தான் போய் உட்காரும். அது உட்கார்ந்தால் ரத்தக்குழாய் இளகி நெஞ்சுவலி நிற்கும். ஒரே பெஞ்சில் ஒருவருக்கு வாயு உட்கார வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்கு வாயு எழுந்துபோக வேண்டும். சிரிக்க வேண்டிய விஷயம். நான் மகளின் முகமூடியில் படியும் ஆவியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாலை விளக்கு ஏற்றும் நேரத்துக்கு மகள் அழுதாள். முதலில் பூனைக்குட்டி மாதிரி. பிறகு வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி. பசி.

நான் வெராந்தாவுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மிச்சம்

உயிர் பிழைத்தது போதாதா என்பார்கள். போதாது. இந்த வாயு போன பிறகும் மூளையில் அதன் தடம் பிற்பாடு தெரியலாம் என்று எனக்குத் தெரியும். மகள் குப்புற விழுந்தபோதும், தவழ்ந்தபோதும், முதல் சொல் சொன்னபோதும் மற்ற அப்பாக்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் "அப்பாடா" என்றேன். இப்போது எல்.கே.ஜி. போகிறாள். வாய் ஓய்வதில்லை. வகுப்பில் பேசிக்கொண்டே இருக்கிறாள் என்று டீச்சர் புகார் சொன்ன அன்று இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன்.

எங்கள் தருமபுரம் வீட்டில் எந்த ஜன்னலும் மூடுவதில்லை. மெத்தையில் சாரல், வீடு முழுக்கக் கொசு. அபிராமி பொறுத்துக்கொள்கிறாள்.

இந்த மழைக்காலத்தில் அவளுக்கு இரண்டாவது பிரசவம். அம்மா வீட்டுக்குத்தான் போவேன் என்று நின்றாள். நான் சாக்குப்போக்குச் சொல்லி நாளைக் கடத்தினேன்.

"எத்தன நாளைக்குத்தான் அந்த ரூமுக்குப் பயப்படுவீங்க?" என்று கேட்டாள்.

நான் எழுந்துபோய் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

அப்படி இருக்கையில் ஒரு மத்தியானம், கல்லூரியில் இருக்கும்போது போன் அடித்தது. திரையில் 'அத்தை' என்று இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்ததே இல்லை. மாமாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"மாப்ள, நாந்தான் பேசறேன்," என்றார் அத்தை. என்னிடம். நேராக.

"சொல்லுங்க அத்தை."

"ஆசாரிய வரச் சொல்லி சன்னல் கண்ணாடி ரெண்டையும் கழட்டிப் போட்டாச்சு. வெறும் கொசுவலதான் இருக்கு. கதவுக்குக் கீழயும் காத்துப் போக அறுத்து உட்டாச்சு."

"நல்லதுங்க அத்தை. தணல் மட்டும்..."

"வைக்க மாட்டோம். இருந்தாலும் மழ நாளு, நாளைக்கி வேற யாராச்சும் வச்சுட்டா? அதான் காலையில ஒரு சட்டித் தணலப் போட்டு, கட்டுலுக்கு அடியில வச்சு, நானே படுத்துப் பாத்தேன். மாமா வயலுக்குப் போயிருக்காரு, தெரிஞ்சா கத்துவாரு. தலவலி இல்ல, வாந்தி இல்ல. மிசினும் மாட்டிப் பாத்தேன். தொண்ணூத்தொம்போது. பயப்படாம அனுப்பி வைங்க."

"இப்ப எங்க இருக்கீங்க அத்தை?"

"அந்த ரூம்லதான். படுத்துக்கிட்டேதான் பேசறேன்."

"எந்திரிங்க. எந்திரிச்சு வாசலுக்கு வாங்க. போனை வைக்காதீங்க. நான் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருங்க."

"என்னத்த பேசறது?"

"எதையாவது பேசுங்க."

ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தேன். என்னோடு பேசாத அத்தை வழி நெடுகப் பேசினார். நாற்றங்காலில் தண்ணீர் நிற்பதைச் சொன்னார். பேத்திக்கு முறுக்குச் சுட்டு வைத்திருப்பதைச் சொன்னார். கல்யாணத்தன்று நான் இடிச் சத்தத்துக்குப் பயந்து தாலியைக் கீழே விடப் பார்த்ததைச் சொன்னார். நடுவில் குரல் நின்றால் "அத்தை, அத்தை" என்று கூப்பிட்டேன். "இருக்கேன், ஓட்டுங்க" என்றார்.

வீட்டை நெருங்கும்போது பக்கவாட்டு ஜன்னல் கண்ணில் பட்டது. கண்ணாடி இல்லை. ஆனால் சாரல் அடிக்காமல் இருக்க வெளியே நீலத் தார்ப்பாய் ஒன்றை நாலு மூலையும் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

அத்தை வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது. நான் வண்டியை நிறுத்தி எதிரில் வந்து நின்றும் அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. தலையைத் திருப்பித் தெருவைப் பார்த்துக்கொண்டு போனில் பேசினார்.

"வந்துட்டீங்களா மாப்ள? நல்லா நனஞ்சுட்டீங்க."

நானும் போனிலேயே கேட்டேன். "நெசத்தச் சொல்லுங்க அத்தை. தலை வலிக்குதா?"

மழைச் சத்தம் போனிலும் நேரிலுமாக இரண்டு காதிலும் கேட்டது.

"வலிக்குதுதான். சொன்னா எம் பொண்ண அனுப்ப மாட்டீங்களேன்னு சொல்லல."

நான் போனைப் பைக்குள் போட்டேன். அவர் கையைப் பிடித்து எழுப்பினேன். உதறுவார் என்று நினைத்தேன், உதறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியில் பின்னால் ஏற்றி, இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.